இடுக்கிக்கும் ஒரு பொட்டு

அடையாறில் எங்கள் ஆய்வகத்தில் ஆயுத பூஜை, விடுமுறைக்கு முந்தைய நாளே நடந்துவிடும். முன்னின்று நடத்துபவள் என் பக்கத்து மேசைத் தோழி. சாந்தோமில் தலைமுறைகளாக ஒரே தேவாலயப் பங்கைச் சேர்ந்த கத்தோலிக்கக் குடும்பம் அவளுடையது. ஆனால் மஞ்சள் குழைத்து, வட்டம் பிசகாமல் பொட்டு வைப்பதில் அவளை மிஞ்ச எங்களில் ஆள் கிடையாது. அந்த வருடமும் நுண்ணோக்கி, ஃப்ரீசர், தராசு என்று ஒன்றையும் விடவில்லை. நான் சுண்டல் பொட்டலம் கட்டினேன்.

கற்பூரம் காட்டியபோது எனக்கு ஒரே வேண்டுதல்தான். புதிதாக வந்திருந்த ஆன்டிபாடி வேலை செய்ய வேண்டும். எலி மூளையின் மெல்லிய சீவல்களில், நரம்பணுக்களின் மேலிருக்கும் ஓர் ஏற்பிப் புரதத்தை மட்டும் அது தேடிப் பிடிக்க வேண்டும். பிடித்தால், அதன்மேல் ஏற்றும் சாயம் நீல ஒளியில் பச்சையாக மின்னும். முன்பு வாங்கிய இரண்டும் கண்ட இடத்தில் ஒட்டின. இதுவும் சரிப்படாவிட்டால் இந்த ஏற்பியையே விட்டுவிட்டு வேறு தலைப்பு பார்க்கலாம் என்று என் ஆய்வு வழிகாட்டியான மேடம் மென்மையாகச் சொல்லியிருந்தார். எனக்கு விட மனமில்லை.

விடுமுறை முடிந்ததும் சீவல்களை ஓர் இரவு ஆன்டிபாடியில் ஊறவைத்து, மறுநாள் சாயமேற்றி, கண்ணாடித் தகடுகளில் பரப்பி நுண்ணோக்கியில் வைத்தேன். ஒரு தகட்டில் வேண்டுமென்றே ஆன்டிபாடி விடுவதில்லை. அது இருட்டாக இருந்தால்தான் மற்றவற்றின் பச்சையை நம்பலாம். எல்லாவற்றையும்விட அதுதான் பிரகாசமாக எரிந்தது.

காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்தேன். ஆன்டிபாடி தப்பான இடத்தில் ஒட்டியதா? இந்தத் தகட்டில் அது இல்லவே இல்லை. சாயம் கூடியதா, கழுவியது போதவில்லையா? அப்படியானால் பச்சை எங்கும் பரவியிருக்கும். இங்கே எல்லாத் தகடுகளிலும் அது ஒரே மூலையில் தொடங்கியது. மேல்மூடிக் கண்ணாடியை நான் இடுக்கியால் பிடிக்கும் மூலை. முதலில் மூடியதும் ஆன்டிபாடி இல்லாத தகட்டைத்தான்.

இடுக்கியை வெளிச்சத்தில் பிடித்தேன். நுனியோரம் லேசாக மஞ்சள். நீல ஒளி பட்டால் மஞ்சளும் பச்சையாக மின்னும் என்பது நான் படித்ததுதான்.

"ஃபோர்செப்ஸுக்குமாடி வெச்ச?"

"பின்ன? தெனம் நீ கையில வெச்சுக்கினு கீறது அதைத்தானே. ஃப்ரீசருக்கு வெச்சிட்டு அதை வுட்டா கோச்சிக்காதா?" என்றாள் தோழி. எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

மீதமிருந்த சீவல்களை வேறு இடுக்கியால் எடுத்து மறுபடி ஊறவைத்தேன். மறுநாள் கே.கே. நகரிலிருந்து வந்த பேருந்து கிண்டியில் நின்றபோது, பக்கத்து லாரியின் முகப்பில் பூஜைக்குக் கட்டிய வாழைக்கன்று இன்னும் வாடித் தொங்கியது. அதற்கும் ஒரு கும்பிடு போட்டேன்.

சாயமேற்றிப் பார்த்தபோது, ஆன்டிபாடி இல்லாத தகடு கன்னங்கரேலென்று இருந்தது. அடுத்த தகட்டில் நரம்பணுக்களின் விளிம்பில் மட்டும் பச்சைப் புள்ளிகள், தி. நகரில் ரவிக்கைக் கழுத்தோரம் தைத்துத் தரும் மணிகளைப் போல. வாய்விட்டுக் கத்தாமல் மேடத்தைக் கூப்பிட்டு வந்தேன்.

அவர் இரண்டு தகடுகளையும் தானே மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். "தலைப்பெல்லாம் மாத்த வேணாம்மா. இதையே எழுது."

பின்னாலிருந்து தோழி பவ்வியமாகச் சொன்னாள்: "அடுத்த வருஷம் ஃபோர்செப்ஸுக்கு சாமந்தி மட்டும் வெச்சிடறேன் மேடம்."

மேடம் நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"சாமந்தியும் வேணாம். மகரந்தமும் இதே மாதிரிதான் மின்னும்."