கோயில் பக்கம் மைனஸ்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். நடந்ததில் பாதி மறந்தும் போகிறது. தப்பும் தவறுமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீடு ஸ்ரீரங்கத்தில். வடக்கே கோயில், தெற்கே காவிரி. வீட்டில் நானும் மருமகளும்தான். மகனுக்குச் சென்னையில் வேலை. மருமகளும் இதே ஊரில் பிறந்தவள், பௌதிகம் படித்தவள். துவாக்குடிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். பிள்ளைகள் முன்னால் ஒரு பாடம் நடத்திக் காட்ட வேண்டுமாம்.

"இது கிடைக்கலேன்னா வீட்டைப் பூட்டிட்டு ரெண்டு பேரும் இங்க வந்துடுங்க" என்று மகன் போனில் சொல்லிவிட்டான். நான் சரி என்றேன். வேறென்ன சொல்ல எனக்கு வரும்? ஆனால் அன்றிலிருந்து ஜன்னலில் ஆற்றுக் காற்று வரும்போதெல்லாம் கைவேலையை விட்டுவிட்டு அங்கேயே நின்றுவிடுவேன்.

முதல்நாள் மத்தியானம் கூடத்தில் பாடம் சொல்லிப் பார்த்தாள். வகுப்பு என்றால் நான் ஒருத்திதான். இரண்டு பொம்மை வண்டிகள். மோதினால் ஒட்டிக்கொள்ளட்டும் என்று மூக்கில் சப்பாத்தி மாவை அப்பியிருந்தாள்.

"நிறையை வேகத்தால பெருக்கினா உந்தம். வெளியிலேருந்து யாரும் தள்ளாதவரைக்கும், மோதுறதுக்கு முன்னாடி இருந்த மொத்த உந்தம்தான் மோதின பிறகும் இருக்கும். புரியுதா அத்தை?"

"ம்" என்றேன். பாதி தூக்கம்.

தரையில் சாக்பீஸால் கணக்குப் போட்டாள். இரண்டு கிலோ வண்டி நாலு வேகத்தில் ஆற்றுப் பக்கம் போகிறது. ஒரு கிலோ வண்டி இரண்டு வேகத்தில் கோயில் பக்கம் வருகிறது. எட்டும் இரண்டும் பத்து. ஒட்டிய வண்டி மூன்று கிலோ. வகுத்தால் மூன்றும் சொச்சமும் வந்தது. புத்தகத்திலோ இரண்டு. அழித்து அழித்துப் போட்டாள், அதேதான் வந்தது.

நான் வண்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டும் முட்டி, ஒன்றாகி, மெல்ல மெல்ல ஆற்றுப் பக்கம் நகர்ந்தன. கூடமே தண்ணீராகி, நானும் கூடவே மிதந்து போவது போல இருந்தது.

திடீரென்று அவள் சிரித்தாள். "ஆத்துப் பக்கம் பிளஸ்னு வெச்சா, எதிர்த்தாப்ல வர்றதுக்கு மைனஸ் போடணும்ல? கோயில் பக்கம் போறதுக்கு மைனஸ் போட கை வரமாட்டேங்குது அத்தை!"

"எப்படி வரும்? அந்தப் பக்கம் காலையே நீட்ட மாட்டோமே."

"பெருமாள் கோவிச்சுக்குவாரா?"

"கோவிச்சுக்கிட்டா?"

"அவர் பாட்டுக்குப் படுத்திருக்கார். நாளைக்குப் பின்னால உக்காந்து மார்க் போடுறவங்கதான் கோவிச்சுக்குவாங்க."

கன்னத்தில் போட்டுக்கொண்டு மைனஸ் போட்டாள். எட்டில் இரண்டு போக ஆறு. மூன்றால் வகுத்தால் இரண்டு. பிறகு கோயில் பக்கத்தைப் பிளஸாக வைத்தும் போட்டாள். மைனஸ் இரண்டு வந்தது. அப்படியென்றால் ஆற்றுப் பக்கமாம். "எந்தப் பக்கத்தைப் பிளஸ்னு வெச்சாலும் சரி, நடுவுல மாத்தக்கூடாது, அவ்வளவுதான்" என்றாள்.

மறுநாள் அவள் பஸ் ஏறிப் போன பிறகு நான் வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் செருப்பைக் கூடக் கழற்றாமல் வாசலிலிருந்தே சொன்னாள். "ஒரு பொண்ணு எந்திரிச்சு, பக்கத்தை மாத்தி வெச்சா என்ன ஆகும் மிஸ்னு கேட்டுட்டா அத்தை! ரெண்டு விதமாவும் போட்டுக் காட்டினேன். ஜூன்ல வந்து சேரச் சொல்லிட்டாங்க."

மகனிடம் அவளே பேசினாள். "அப்ப அம்மா அங்கேயே இருக்கட்டும்" என்று அவன் சொன்னது போனுக்கு வெளியே எனக்கும் கேட்டது. நான் அடுப்பில் பாலை வைத்தேன்.

இதை அவளிடம் காட்ட வெட்கமாக இருக்கிறது. உந்தம் என்பதுதான் சரியான சொல்லா, கணக்கை நான் ஒழுங்காக எழுதியிருக்கிறேனா என்று படித்தவர்கள் யாராவது ஒருதரம் பார்த்துச் சொல்லுங்கள்.