எடைமேடையில் ஆடிய அம்பு

போன வாரம் பெரம்பலூரில் என் கடைக்கு ஒரு வெங்காய மண்டிக்காரர் புது லேப்டாப்பையும் பழைய எலக்ட்ரானிக் தராசையும் தூக்கிக்கொண்டு வந்தார். தராசு ஒயரின் முனையில் பழைய ஒன்பது ஊசிப் பிளக். லேப்டாப்பில் அதைச் சொருக இடமே கிடையாது. நடுவில் ஒரு கன்வெர்ட்டர் ஒயரைப் போட்டு ஆன் செய்தேன். திரையில் மவுஸ் அம்பு துள்ள ஆரம்பித்தது. யாரும் தொடாமலே எது எதுவோ திறந்தது, மூடியது.

"என்னங்க, பேய் புடிச்ச மாதிரி ஆடுது?" என்று மண்டிக்காரர் பின்னால் நகர்ந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே மூக்கில் சுண்ணாம்புப் புழுதி வாசனையும் வந்தது. கடை முழுக்க வெங்காயம்தான் நாறியது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அந்தப் புழுதி அரியலூருடையது. இரண்டாயிரத்து மூன்று வாக்கில் நான் பெரம்பலூரில் ஒரு சர்வீஸ் கம்பெனியில் இருந்தேன். சட்டைப்பையில் எப்போதும் ஒரு ஸ்க்ரூடிரைவர், வேலை இருக்கிறதோ இல்லையோ, வெளியே தெரிகிற மாதிரி. அரியலூருக்கு வெளியே சுண்ணாம்புக்கல் லாரிகளுக்கு எடை போடும் மேடை ஒன்று இருந்தது. அங்கே பில் போடுகிறவர் ஜெயமேரி. ஏலாக்குறிச்சிப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருவார். கரண்ட் போய் வரும்போதெல்லாம் அவர் கம்ப்யூட்டரில் அம்பு ஆடும். எங்களுக்குப் போன் வரும். நான் பஸ் ஏறுவேன்.

மேடையில் லாரி நிற்கும்போது ஆன் செய்தால்தான் ஆடும் என்று டிரைவர்கள் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். அதனால் கரண்ட் வந்ததும், "அண்ணே, வண்டிய கீழ எறக்குங்க, கம்ப்யூட்டர் போடணும்" என்று ஜெயமேரி ஜன்னல் வழியாகக் குரல் கொடுப்பார். லாரி உறுமிக்கொண்டே இறங்கும். காலி மேடையிலும் அம்பு ஆடியது. முந்தின லாரியின் பாரம் இன்னும் விடவில்லை என்று அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தார்கள். படித்த நான் என்ன செய்தேன்? மவுஸை மாற்றினேன். அடுத்த முறை அந்த மவுஸையும் மாற்றினேன். அணைத்து அணைத்துப் போட்டதில் ஏதோ ஒரு நேரம் தானாக அடங்கும். நான்தான் அடக்கினேன் என்று நம்பி ஜெயமேரி டீ வரவழைப்பார்.

டீக்காகவா போனேன்? அவர் பேச்சுக்காகப் போனேன். ஹார்ன் அடிக்கிற விதத்திலேயே எந்த டிரைவர் என்று சொல்லிவிடுவார். "ஒங்க ஊர்க்காரங்க ரயில பாக்கணும்னாகூட எங்க ஊருக்குத்தான சார் வரணும்?" என்று சீண்டிவிட்டு, சிரிப்பைக் கையால் மூடிக்கொள்வார். போன் வராத வாரங்கள் எனக்குப் பிடிக்காமல் போயின.

ஒருநாள் போனபோது அவர் முகம் சரியில்லை.

"மொதலாளி திட்டிட்டார் சார். நான்தான் எதையோ அமுக்கிக் கெடுக்கிறேனாம். இன்னொரு தடவ லாரி வரிசை நின்னுச்சுன்னா வேற ஆள் பாத்துக்கறேன்னுட்டார். வூட்ல என் சம்பளம்தான் சார்."

அன்று வெறியோடு உட்கார்ந்தேன். மேஜையை நகர்த்தியபோது, மேடையிலிருந்து கம்ப்யூட்டருக்கு வரும் தராசு ஒயர் தற்செயலாகக் கழன்றது. அம்பு அப்படியே நின்றுவிட்டது. அப்போதுதான் புத்திக்கு எட்டியது. கம்ப்யூட்டர் எழுந்திருக்கிற நேரத்தில் தராசு விடாமல் எடையை அனுப்பிக்கொண்டிருக்கிறது. விண்டோஸ் அதை இன்னொரு மவுஸ் என்று எடுத்துக்கொள்கிறது. அந்த இல்லாத மவுஸை விண்டோஸ் பட்டியலிலிருந்து நீக்கிப் பார்த்தேன். அடுத்த முறை ஆன் செய்ததும் திரும்ப வந்து உட்கார்ந்தது. நீக்காமல் முடக்கி வைத்தேன். ஒரு லாரியை மேடையில் ஏற்றி நிறுத்தி, மெயின் சுவிட்சை நானே அணைத்துப் போட்டேன். ஆடவில்லை.

"அட, இவ்ளோ பெரிய லாரியவா மவுசுன்னு நெனச்சுது?" ஜெயமேரி கையால் வாயை மூட மறந்து சிரித்தார்.

அதற்குப் பிறகு போன் வரவில்லை. நல்ல வேலை செய்தவனுக்கு அதுதானே கூலி. கொஞ்ச நாள் பொறுத்து, அந்தப் பக்கம் ஏதோ ஜோலி இருந்ததுபோல் நானே போய் நின்றேன்.

"கம்ப்யூட்டர் எப்படிங்க இருக்கு?"

"ஆடறதே இல்ல சார்." ரசீதைக் கிழித்து ஒரு டிரைவரிடம் நீட்டினார். அந்த ஆள் போனதும், என்னைப் பார்க்காமல் சொன்னார்: "ஆடுனாலே தேவலாம்னு இருக்கு."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இனிமே ஜென்மத்துக்கும் ஆடாதுங்க. தைரியமா இருங்க."

"சரிங்க சார்" என்றார்.

திரும்பும்போது பஸ் பேரளியைத் தாண்டிய பிறகுதான் அவர் சொன்னது எனக்குப் புரிந்தது. இறங்கி எதிரே வருகிற பஸ்ஸில் ஏறியிருக்கலாம். அடுத்த தடவை ஏதாவது கோளாறு என்று கூப்பிடும்போது பேசிக்கொள்ளலாம் என்று உட்கார்ந்தே வந்தேன்.

கூப்பிடவே இல்லை. அவருக்குக் கல்யாணமாகி வெளியூர் போய்விட்டதாக ஒரு டிரைவர் சொல்லித் தெரிந்துகொண்டேன். பிறகு அந்த மேடையையும் பெயர்த்து எடுத்துவிட்டார்கள். இப்போது யாருடைய கம்ப்யூட்டரில் என்ன கோளாறு என்றாலும் கடையில் உட்கார்ந்தபடியே நெட் வழியாகச் சரி செய்துவிடுகிறேன். அரியலூர் பஸ் என் கடை வாசல் வழியாகத்தான் போகிறது. அதில் ஏறிப் போக எனக்கு ஒரு வேலையும் இல்லை.