கண்ணாடித் தகடுகளும் அஞ்சலை அக்காவும்

போன வெள்ளிக்கிழமை காலை மரக்காணத்திலிருந்து செல்வி கூப்பிட்டாள். "சார், அம்மா போயிட்டாங்க" என்றாள். அஞ்சலை அக்காவின் மகள். குயிலாப்பாளையம் நூலகத்தில் அக்காவோடு பழகியவர்கள் பலருக்கு இன்னும் தகவல் போயிருக்காது. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் நூலகத்துக்கு ஒரு வெளிநாட்டுப் பெரியவர் விட்டுச்சென்றவை பதினோரு பெட்டிக் கண்ணாடித் தகடுகள். பெரு நாட்டு மலைகளில் இன்கா மக்கள் கட்டிய நகரங்களின் இடிபாடுகளை, கேமரா புதிதாக வந்த காலத்தில் யாரோ அதைச் சுமந்துபோய் அந்தக் கண்ணாடிகளில் எடுத்த படங்கள். கடற்காற்றில் பூஞ்சை பிடிக்காமல் அவற்றைத் துடைக்க ஆள் தேடியபோது வந்தவர் அக்கா. அதுவரை உப்பளத்தில் உப்பு வாரியவர். காற்றில் ஈரம் ஏறுவது எங்கள் கருவிக்கு முன்னால் அவருக்குத் தெரிந்துவிடும்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு தகட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சாந்தே இல்லாமல் அந்தக் கற்களை எப்படி அடுக்கினார்கள் என்று நான் அளந்துகொண்டிருப்பேன். அவருக்குப் படத்தின் ஓரத்தில் நிற்கும் ஆள்தான் முக்கியம். "கல்லு எங்க போயிடப் போவுது சார்? இந்த ஆளு பேரு என்னன்னு யாரும் எழுதி வைக்கலையே" என்பார். இப்போது மதியம் ஆனால் யாராவது அந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார்களா என்று ஏக்கமாக இருக்கிறது.

அந்தப் படங்களைக் கண்காட்சியாக வைத்தோம். அதில் ஒரு பெட்டி முழுவதையும் நான் பின்புறம் முன்னால் வரும்படி வைத்து ஸ்கேன் செய்திருந்தேன். இடம் வலமாக, வலம் இடமாக மாறியிருந்தது. எனக்குத் தெரியவே இல்லை. இடிந்த சுவருக்கு இடமேது, வலமேது? திறப்புக்கு இரண்டு நாள் முன்பு, ஆறு பேர் புதர் வெட்டும் படத்தின் முன் அக்கா நின்றுவிட்டார்.

"ஏன் சார், ஆறு பேருமா இடக்கைக்காரனுங்க? எங்க உப்பளத்துல வரிசையில ஒருத்தன் அப்படி இருந்தாலே உப்பு வார்ற பலகை இடிக்கும்னு ஓரத்துல நிறுத்துவாங்க."

மறுநாள் முழுக்க உட்கார்ந்து இருவருமாக அந்தப் பெட்டிப் படங்கள் எல்லாவற்றையும் சரியான பக்கத்துக்கு மாற்றினோம்.

கடைசி நேரத்தில் தவறைப் பிடித்த கதை எப்படியோ பரவியிருந்தது. திறப்பு விழாவில் சென்னையிலிருந்து வந்த ஆய்வாளர் ஒருவர் எல்லார் முன்னும் என் கையைக் குலுக்கி, "உங்களுக்குக் கூர்மையான கண்" என்றார். அக்கா இரண்டடி தள்ளி நின்றார். நான் சிரித்தேன். அவ்வளவு படித்தவனுக்கு ஒரு வரி வாயில் வரவில்லை. அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். ஆறு வருடம் ஓடிவிட்டது. அக்கா அதைப் பற்றி என்னிடம் ஒருநாளும் பேசவில்லை.

சாவுக்குப் போயிருந்தேன். செல்வி என்னைச் சொந்தக்காரர்களிடம் காட்டினாள். "இவருதான் அந்த சார். படமெல்லாம் திரும்பியிருந்தத கண்டுபிடிச்சவரு. அம்மா தெருவுக்கே சொல்லி வச்சிருந்தாங்க."

அக்கா என்னை விட்டுக்கொடுக்கவே இல்லை. நானோ அங்கேயும் தலையை ஆட்டிவிட்டு பஸ் ஏறினேன். வெட்கமாக இருக்கிறது.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது, என் பெயரில் அவர் ஊரெல்லாம் சொல்லி வைத்த அந்தப் பெருமைதான். செல்வி, அன்று வந்திருந்த எல்லாரிடமும் சொல்லிவிடம்மா. கண்டுபிடித்தது உன் அம்மா. தப்பாகத் திருப்பி வைத்தவன்தான் நான்.