கறுப்பு வெள்ளை விவசாயி

வெளிநாட்டு விதைக் கம்பெனி ஒன்றின் விளம்பரங்களை எங்கள் பக்கத்துக்கு ஏற்றபடி மாற்றித் தருவது என் வேலை. மாற்றுவது என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. அவர்கள் ஊர் விவசாயியை எடுத்துவிட்டு நம்மூர் விவசாயியை வைக்க வேண்டும். நிறத்தில் மட்டும் கை வைக்கக் கூடாது. உலகம் முழுக்க ஒரே மாதிரிதான்: கறுப்பு வெள்ளையில் சிரித்த முகம், கீழே பெயர், ஊர், ‘நன்றி’ என்று ஒரு சொல்.

வேப்பந்தட்டையில் மக்காச்சோளம் போடும் ஒருவரைப் பிடித்தேன். படம் எடுத்து முடித்ததும் ஒன்று கேட்டார்.

“பாடாலூர்ல ஒரு போர்டு வைங்க சார். என் தம்பி டீக்கடைக்கு எதுத்தாப்ல.”

கிணற்றைப் பங்கு போட்டதில் வந்த சண்டை. அண்ணனும் தம்பியும் பேசி ஒன்பது வருடமாகிறதாம். “பேசலன்னாலும் தெனம் என் மூஞ்சியப் பாக்கட்டும்” என்றார். கேலியாகத்தான் சொன்னார். ஆனால் நான் வண்டியை எடுக்கும்போது மறுபடியும் நினைவுபடுத்தினார்.

பிரிண்ட் வந்தபோதே எனக்கு உறுத்தியது. ‘கண்ணீர் அஞ்சலி’ என்று போடாததுதான் குறை, பார்த்தாலே சாவுப் போஸ்டர் மாதிரிதான் இருந்தது. தலைமை ஆபீசோடு மல்லுக்கட்டச் சோம்பல்பட்டு வாயை மூடிக்கொண்டேன். அந்தச் சோம்பலை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

போர்டு ஏறிய மறுநாள் காலையில் அவரே கூப்பிட்டார்.

“நான் பல்லு வெளக்கிட்டு நிக்கிறேன் சார். போர்டப் பாத்துட்டு யாரோ சொல்லி, அரியலூர்லேருந்து எங்க அக்கா மாலையோட வந்து எறங்கிருச்சு.”

போன் செய்து கேட்டிருக்கலாமே என்று தோன்றும். சாவு வீட்டுக்கு யாரும் கேட்டுக்கொண்டு கிளம்புவதில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது வாசலில் நாற்பது பேர் இருந்தார்கள். அழுத முகத்தோடு என்னை வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். திட்டட்டும் என்று நின்றேன். அவர் மட்டும் திட்டவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எல்லாரும் வந்துட்டாங்க சார். போர்டுக்கு எதுக்கால இருக்கறவன் வரல” என்றார்.

போர்டைக் கழற்றப் பாடாலூர் போனேன். டீக்கடை சாத்தியிருந்தது. போர்டின் இரும்புக் காலில் ஒரு சாமந்தி மாலை கட்டியிருந்தது. பக்கத்துப் பழக்கடை அம்மாவிடம் விசாரித்தேன்.

“அண்ணன் தவறிட்டாருன்னு காலையிலயே சாத்திட்டாருங்க. மாலைய வாங்கிக்கிட்டு பஸ் ஸ்டாப் வரைக்கும் போனாரு. எந்த மொகத்த வச்சிக்கிட்டுப் போறதுன்னு திரும்பி வந்து இதுலயே கட்டிட்டாரு. வூட்டுலதான் படுத்திருக்காரு.”

அங்கிருந்தே அண்ணனுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன்.

“கடைய சாத்திட்டானா?”

“ஆமாங்க.”

“தீவாளிக்கே சாத்த மாட்டானே” என்றார். “அந்த மாலைய அவுத்துடாதீங்க சார். நான் பஸ் ஏறுறேன்.”