நொச்சி என்று சொன்ன செடி

சிலாபம் ஆஸ்பத்திரியிலிருந்து பிள்ளையோடு வீட்டுக்கு வந்த அன்று நான் முதலில் பார்த்தது கூரையைத்தான். எனக்கென்று ஒழுங்கு பண்ணியிருந்த உள்ளறையில் முன்பு வலைகளும் மிதப்புகளும் கிடந்தன. யன்னல் இல்லாத அறை. இப்போது வலைகளை வெளியே எடுத்து, வெள்ளையடித்து, கட்டில் போட்டு, கூரையில் சில ஓடுகளைக் கழற்றிக் கண்ணாடி ஓடு மாட்டியிருந்தார் என் கணவர்.

“பிள்ளைக்கு மஞ்சள் வராமல் இருக்க வெளிச்சம் வேணுமாம். நேர்ஸ் சொன்னவ” என்றார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. வீட்டு வேலையில் இப்படி யோசித்துச் செய்கிற மனிதர் அல்ல அவர். பிள்ளையைக் கிடத்திவிட்டுச் சாய்ந்த பிறகுதான் கவனித்தேன். வெளிச்சம் விழுந்த இடம் கட்டில் அல்ல. கட்டிலுக்கு அப்பால், என்னுடைய பழைய சேலை ஒன்றைக் கயிற்றில் தொங்கவிட்டு மறைத்திருந்த மூலை.

சேலையை விலக்கினேன். பால்மா டின்கள். ஒவ்வொன்றிலும் கன்னங்கரேலென்று மண், மண்ணில் இரண்டு இலை விட்ட கன்றுகள்.

“மிளகாய்க் கண்டு” என்றார் அவர், நான் கேட்பதற்கு முன்பே.

எங்கள் ஊர் உடப்புக்கு அருகில், கடலுக்கும் களப்புக்கும் இடையில் இருக்கிறது. அந்த யுத்த வருடங்களில் எங்கள் கரையில் குண்டு விழவில்லை. ஆனால் கடலுக்குப் போகப் பாஸ் வேண்டும், பாஸ் இருந்தாலும் சில நாட்களில் நேவி கடலை மூடிவிடும். புத்தளத்துக்குப் பஸ் ஏறினால் வழியில் செக்பொயின்டுகளில் இறங்கி அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி நடக்க வேண்டும். தமிழ்ப் பெயருள்ள ஓர் ஆணைச் சின்ன விஷயத்துக்காகப் பிடித்தாலும் அந்த விஷயத்தோடு நிற்க மாட்டார்கள். யாரோடு பழகுகிறாய், யார் வீட்டுக்கு வந்தான் என்று கேள்வி நீண்டுகொண்டே போகும். அப்படிப் போனவர்களில் சிலர் திரும்பினார்கள். எனக்கு இருந்த பயமெல்லாம் ஒன்றுதான்: பிள்ளையின் தகப்பன் வீட்டில் இருக்க வேண்டும்.

கடல் மூடிய நாட்களில் அவர் சிரட்டைக்கரி சுட்டார். அது எங்கள் பக்கத்தில் வழக்கமான தொழில். தென்னந்தோட்டங்களிலிருந்து வண்டிக் கணக்கில் சிரட்டை வாங்கி, பின்வளவில் கிடங்கு வெட்டி, அடியில் நெருப்பு வைத்து, மேலே மேலே சிரட்டை போடுவார். வெள்ளைப் புகை மெலிந்து நீலமாகும்போது தகரத்தால் மூடி, விளிம்பெல்லாம் மணல் போட்டு அடைப்பார். காற்றுப் புகுந்தால் மிஞ்சுவது சாம்பல்தான். இவ்வளவும் எனக்குத் தெரியும். தெரியாதது, ஒரு பங்கு கரியை விற்காமல் உரலில் இடித்து, மீன் கழுவிய தண்ணீரிலும் ஆட்டுப் புழுக்கையிலும் ஊறப் போட்டது ஏன் என்பது.

“வெறும் கரியைப் போட்டால் அது மண்ணில இருக்கிற சத்தையும் உறிஞ்சிப் போடும். முதல்ல அதுக்குக் குடிக்கக் குடுக்கவேணும். பிறகு இந்த மணலிலயும் தண்ணி நிக்கும்” என்று விளக்கினார்.

“கடையில உரம் வாங்கலாமே?”

“உப்பு உரம் இதுக்கு ஆகாது.”

ஊரெல்லாம் மிளகாய்க்கு உரம் போடுகிறார்கள். இந்த மிளகாய்க்கு மட்டும் ஏன் ஆகாது? அவரோ அதற்குள் வெளியே போய்விட்டார்.

நான் உயர்தரத்தில் தாவரவியல் படித்தவள். கன்றுகள் அடுத்த சோடி இலைகளை விட்டபோதே இது மிளகாய் இல்லையென்று தெரிந்துவிட்டது. விளிம்பு வாள்பல் மாதிரி இருந்தது. பிறகு வந்த இலைகள் மூன்றாய்ப் பிரிந்தன, அதற்குப் பிறகு வந்தவை கைவிரல்போல் ஐந்தாய். எங்கள் வேலிகளில் நிற்கும் நொச்சிக்கும் இலை அப்படித்தான் விரியும். ஆனால் நொச்சி இலையைப் புரட்டினால் அடிப்பக்கம் சாம்பல் பூசியதுபோல் வெளுத்திருக்கும். இதற்கு இரண்டு பக்கமும் பச்சை. நான் கஞ்சாச் செடியை அதற்குமுன் கண்டதில்லை. கண்டதில்லை என்பதே எனக்கு உறுதியாக்கிவிட்டது. நான் காணாத, ஒளித்து வளர்க்க வேண்டிய செடி வேறென்ன?

பிள்ளைப்பேற்றுத் துடக்கு என்கிற தீட்டு எங்களுக்கு முப்பத்தோராம் நாள் வரைக்கும். அதுவரை அந்த அறைக்குள் வேறு ஆண்கள் கால் வைக்க மாட்டார்கள். அயலவர்களும் வாசலோடு நின்று பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போவார்கள். கட்டிலுக்கடியில் கரி நெருப்புச் சட்டி வைத்துச் சாம்பிராணி போடுவார்கள், அதனால் எந்த மணமும் மற்ற மணத்தோடு கலந்துவிடும். ஒருநாள் மத்தியானம் பால் கொடுத்தபடி இதையெல்லாம் யோசித்தபோது என் பார்வை அந்தச் சேலைக்குப் போனது. செடியை என் அறையில் வைத்தாரா, அல்லது செடி இருந்த அறையில் என்னைக் கொண்டுவந்து வைத்தாரா?

எனக்கு மருந்துத் தண்ணீர் வார்க்கவும் சரக்குக்கறி வைக்கவும் வந்து தங்கியிருந்தவர் என் மச்சாள், கணவரின் அக்கா. பிள்ளைகள் இல்லாத விதவை, வாய்க்காரி. அவரும் இதில் கூட்டு என்று நினைத்தேன். நினைக்கக் காரணம் இருந்தது. அக்காவும் தம்பியும் குசினிக்குள் குசுகுசுப்பார்கள், நான் செருமினால் நிறுத்திவிடுவார்கள். மச்சாள் திடீரென்று எழுந்து கிணற்றடிக்குப் போவார், சிவந்த கண்ணோடு திரும்புவார். என் கண்ணைப் பார்க்க மாட்டார். பிள்ளையைத் தூக்கித் தாருங்கள் என்றால், “நீயே தூக்கு புள்ள, என்ர கை கரி” என்பார். கையில் கரி இருக்காது. ஒருமுறை வாசலில் ஒரு வயதான ஆள் துணிப்பையோடு வந்து அவரோடு மெதுவாகக் கதைத்துவிட்டுப் போனார். “ஆர் அது?” என்று கேட்டேன். “முன்னேஸ்வரத்துப் பக்கத்து ஆள். தெரிஞ்சவர்” என்றார் மச்சாள்.

கணவரிடம் நேராகவே கேட்டேன். “இது என்ன கண்டு? உண்மையைச் சொல்லுங்க.”

“பால் குடுக்கிற நேரம் இதெல்லாம் யோசிக்காத. பிறகு சொல்றன்.”

“எப்ப?”

“துடக்குக் கழியட்டும்.”

பிள்ளைக்குப் பால் கொடுப்பவளிடம் கெட்ட செய்தி சொல்லக் கூடாது, பால் வற்றிவிடும் என்பது எங்களவர் வழக்கம். அப்படியென்றால் அது கெட்ட செய்தி. அவ்வளவும் புரிந்தது. எந்தக் கெட்ட செய்தி என்பதைத்தான் நானாகவே ஒவ்வொரு மணிக்கும் ஒவ்வொன்றாக எழுப்பிக்கொண்டிருந்தேன்.

ஒரு காலை, பாண் ரொட்டி விற்கிற பாண்காரன் வரும் நேரத்தில், பாண்காரனுக்குப் பதில் ட்ரக் வந்தது. சுற்றிவளைப்பு. ஆண்களை எல்லாம் வீடுகளுக்கு முன்னால் ஒழுங்கையில் வரிசையாக நிற்க வைத்தார்கள். பொலிசும் ஆமியும் வீடு வீடாக வந்தார்கள். எங்கள் வீட்டு வாசலில் மச்சாள் அகப்பையோடு நின்றார்.

“உள்ள பிள்ளைப்பெத்தவள் ஐயா. துடக்கு அறை” என்று சிங்களமும் தமிழுமாகச் சொன்னார்.

சார்ஜன்ட் உள்ளறைப் படியில் நின்றுவிட்டார். துடக்கு சிங்களவருக்கும் உண்டு. எனக்கு மூச்சு வந்தது. உடனே அவர் பின்னால் திரும்பிக் கையசைத்தார். பெண் கொன்ஸ்தாபிள் ஒருத்தி வந்தாள். என் வயதுதான் இருக்கும். படியில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள்.

திறந்த கதவினூடாக ஒழுங்கை தெரிந்தது. என் கணவர் அடையாள அட்டையைப் பிடித்தபடி வரிசையில் நின்றார். அவர் ஆமியைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் அலுமாரியைத் திறந்தாள், கட்டிலுக்கடியில் குனிந்தாள், பிறகு சேலையை விலக்கினாள்.

“இது என்ன?” என்று சிங்களத்தில் கேட்டாள்.

“நொச்சி” என்றேன். பிறகு சிங்களத்தில், “நிக. எனக்குக் குளிக்க வார்க்க.”

“நிகவை யாராவது டின்னில் வளர்ப்பார்களா? எங்கள் ஊரில் வேலியில் கிடக்கும்.”

“வேலிக்குப் போக எனக்கு ஏலாதே, மிஸ்.”

அந்தப் பதில் எங்கிருந்து வந்தது என்று எனக்கு இன்றும் தெரியாது. அவள் ஓர் இலையைப் புரட்டிப் பார்த்தாள். பச்சை. இரண்டு விரலால் கசக்கி முகர்ந்தாள். பிள்ளை வீரிட்டது. அவள் இலையைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள், கடைசியில் என்னை.

“பால் குடுங்க, நங்கி” என்றாள், தங்கையைக் கூப்பிடுவதுபோல. படியில் நின்று சப்பாத்தைப் போட்டபடி, “பபா விதரய்” என்று சார்ஜன்டிடம் சொன்னாள். குழந்தை மட்டும்தான்.

ட்ரக் போனதும் கணவர் உள்ளே வந்தார். நான் அவரை இருக்கவே விடவில்லை.

“ஆருக்கு வளர்க்கிறீங்க?”

“மெதுவாக் கதை.”

“மிளகாய்க்கு ஏன் மெதுவாக் கதைக்க வேணும்?”

மச்சாள் கதவைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். “சொல்லிப்போடு தம்பி. இவள் பொலிசுக்கே பொய் சொல்லி அனுப்பினவள். இனி எதைக் கேட்டு இவளுக்குப் பால் வத்தப்போகுது?”

அக்காவே சொன்னார். தன் வயிற்றில் கட்டி. கொழும்புப் பெரிய ஆஸ்பத்திரியில் வெட்டிப் பயனில்லை என்று அனுப்பிவிட்டார்கள். நோவு மருந்துக்கு ஒவ்வொரு முறையும் கொழும்புக்குப் போக வேண்டும், வழியெல்லாம் இறங்கி நடக்க வேண்டும், அவருக்கு இப்போது அவ்வளவு நடக்க ஏலாது. துணிப்பையோடு வந்தவர் நாட்டு வைத்தியர். பாலும் நெய்யும் சேர்த்து லேகியம் கிண்டித் தர முடியுமாம். முன்பு அவருக்குக் கிடைத்துவந்த இலை இப்போது வருவதில்லை. உப்பு உரம் படாமல் கண்டு வளர்த்துத் தந்தால் செய்து தருகிறேன் என்றாராம்.

மச்சாள் சொல்லச் சொல்ல, கிணற்றடி, சிவந்த கண், தூக்காத பிள்ளை எல்லாம் ஒவ்வொன்றாகத் தம் இடத்தில் போய் உட்கார்ந்தன. ஆனாலும் என் வாய் கேட்டது: “ஒரு ஆளிட நோவுக்கு இத்தனை டின்னா?”

“பாதி ஆண் கண்டாப் போகும். அது மருந்துக்கு உதவாது. பூத்தால்தான் தெரியும்” என்றார் கணவர்.

அது உண்மை, நான் படித்ததும்தான். என்றாலும் கணக்கை மனதுக்குள் ஒருமுறை சரிபார்த்துக்கொண்டேன்.

டின்களைப் பற்றைக் காட்டுக்குள் கொண்டுபோய் வைக்கலாம் என்றார் அவர். அவள் இலையை முகர்ந்தவள், திரும்பி வருவாள் என்றேன் நான். நாங்கள் இழுபறிப்பட்டுக்கொண்டிருக்கும்போதே மச்சாள் சேலையை விலக்கி, கன்றுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கத் தொடங்கினார். பிடுங்கப் பிடுங்கக் கருப்பு மண் அவர் மடியில் உதிர்ந்தது. இப்போது உண்மையிலேயே கை கரி.

“என்ர வயித்துக்காக இவளிட புருஷன் உள்ள போகத் தேவையில்ல” என்றார்.

பின்வளவில் அன்றைக்குச் சுடவென்று கிடங்கு எரிந்துகொண்டிருந்தது. கன்றுகளைச் சிரட்டைக்கு மேலே போட்டார். வெள்ளைப் புகை அயல் வளவுப் பக்கம் சாய்ந்தது.

“நாலு வீட்டுக்கு இண்டைக்கு நோவு தெரியாது” என்று சொல்லி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கணவர் சிரிக்கவில்லை. தகரத்தைப் போட்டு மணலால் மூடும்போது அவர் முகத்தை என் பக்கம் திருப்பவே இல்லை.

நான் சொன்ன பொய்யை உண்மையாக்க, வேலியோரம் முளைத்திருந்த சின்ன நொச்சிக் கன்றுகளைக் கணவர் வேரோடு கிண்டிக்கொண்டு வர, அதே டின்களில் நட்டோம். அந்தக் கரி மண்ணில் அவை வாடாமல் பிடித்துக்கொண்டன.

துடக்குக் கழிவதற்கு முன்பே அந்தக் கொன்ஸ்தாபிள் வந்தாள். காக்கி இல்லை, பாவாடை சட்டை, கையில் குடை. தனியாகத்தான் வந்தாள். படியில் செருப்பைக் கழற்றினாள். பிள்ளையைப் பார்க்க வந்தேன் என்றாள், ஆனால் பார்த்தது மூலையை. சேலையை நானே விலக்கினேன். அவள் குனிந்து ஓர் இலையைப் புரட்டினாள். அடிப்பக்கம் வெளுத்திருந்தது.

வெகுநேரம் அந்த இலையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“முதல் இருந்தது?”

“அதுவும் இதுதான், மிஸ்.”

“நங்கி” என்றாள், டின்னைப் பார்த்தபடியே. “எங்கள் அம்மாவுக்கு வயிற்றில் ஒரு நோவு. நித்திரை இல்லை. யாரோ சொன்னார்கள்...”

முன்னேஸ்வரம் என்ற ஒரு சொல் என் நாக்கில் நின்றது. அதைச் சொன்னால் வைத்தியரைக் காட்டிக்கொடுத்ததாகும், வைத்தியர் வழியாக இந்த வீட்டையும். அல்லது ஒரு தாய்க்கு நித்திரை கிடைத்ததாகும். எது என்று அவள் முகத்தில் தேடினேன். அதில் ஒரு கள்ளம் இருந்தது. அவ்வளவுதான் தெரிந்தது.

“எங்களிட்ட நொச்சி மட்டும்தான் இருக்கு” என்றேன். ஒரு பிடி முறித்துக் கொடுத்தேன். அவள் அதைக் கைலேஞ்சியில் சுற்றிக்கொண்டு போனாள்.

மச்சாள் அடுத்த அறையில் பாயில் சுருண்டு கிடந்தார். எல்லாம் கேட்டிருக்கிறார்.

“சொல்லியிருக்கலாம் புள்ள.”

“பிடிக்க வந்தவளா இருந்தால்?”

“பிடிக்க வந்தவள் நொச்சியைச் சுத்திக்கொண்டு போவாளா?”

“நடிக்கலாம்தானே. அந்தக் கள்ள முகத்தை நீங்க பார்க்கேல்ல.”

“ஓம், பார்க்கேல்ல” என்றார் மச்சாள், மெல்ல மூச்சு விட்டு. “என்ர தம்பியிட முகமும் உனக்கு இவ்வளவு நாளும் கள்ள முகமாத்தானே இருந்தது?”

பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, துடக்கையும் பாராமல் முற்றத்துக்குப் போனேன். ஒழுங்கை முடிவில் அவளுடைய குடை இன்னும் தெரிந்தது, பஸ் வரும் பக்கம் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான். அது வளைவில் மறையும் வரை பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு வேலிப் படலையைச் சாத்திக் கயிற்றால் கட்டினேன்.