கன்னம் ஆறியது, விரல் ஆறவில்லை

எங்கள் கோயில் கமிட்டித் தலைவருக்குக் கன்னம் பார்க்கும் வழக்கம் உண்டு. காவடி முடிந்த மூன்றாம் நாள், அலகு குத்திக்கொண்டவர்களை வரிசையாக நிறுத்தி, கத்தரிக்காய் வாங்குகிறவரைப் போல முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். ஊசி ஏறிய இடம் மூடியிருந்தால் விரதம், எங்கள் பேச்சில் கரெம், சுத்தம். சிவந்திருந்தால் மீன் தின்றவன். எங்கள் தீவில், ரோஸ் பெல் ஊரில் துணிக்கடை வைத்திருந்தவருக்கு மனித உடம்பின் ரகசியமெல்லாம் எப்படித் தெரிந்தது என்று யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. நான் பொதுவாக யாரிடமும் எதுவும் கேட்பவன் அல்ல.

என் கன்னம் ஒவ்வொரு வருடமும் தேறியது. காட்டிக் கொடுத்தது இடது கை ஆட்காட்டி விரல்.

ஒரு தனியார் கிளினிக்கில் எக்ஸ்ரே அறை உதவியாளாக இருந்தேன். துள்ளுகிற குழந்தைகளைப் படம் எடுக்கும்போது கையால் அழுத்திப் பிடிப்பது என் வேலை. பெரிய டாக்டர் ஈயத் தடுப்புக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, "பா பூஜே", அசையாதே, என்று குரல் கொடுத்துவிட்டுப் பொத்தானை அமுக்குவார். ஆணியில் ஒரு ஜோடி ஈயக் கையுறை தொங்கியது. அதைப் போட்டுக்கொண்டால் குழந்தை பயப்படும் என்று சொல்லிவிட்டார். எந்தக் குழந்தையிடமும் அதைக் காட்டிப் பார்த்ததில்லை. கையுறை கடைசிவரை புதிதாகவே இருந்தது. தூசி தட்டி வைத்தவன் நான்தான்.

முதலில் நகங்கள் வரிவரியாக வெடித்தன. பிறகு தோல் காய்ந்து மருக்கள் வந்தன. சோப்பை மாற்று என்றார் பெரிய டாக்டர். மாற்றினேன். எங்கள் தீவின் சுதந்திரத்துக்குச் சில வருடங்கள் முன்னால், அந்த விரலில் ஒரு புண் வந்து மூடாமலே இருந்தது.

இங்கிலாந்தில் படித்துவிட்டு எங்கள் கிளினிக்கில் புதிதாகச் சேர்ந்த சின்ன டாக்டர் ஒருவர் அதில் துளி சதை எடுத்து அனுப்பி, புற்று என்றார். தீவு மொழியான கிரியோலில் பொறுமையாக விளக்கினார். உடம்பின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் அது எப்படி வேலை செய்ய வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்ற குறிப்பு இருக்கிறதாம். எக்ஸ்ரே கதிர் அந்தக் குறிப்பை உடைக்கும். செல் உடனே வேலையை நிறுத்தி, உடைந்ததை ஒட்டப் பார்க்கும். முடியாவிட்டால் தானே செத்துப்போகும். வருடக் கணக்கில் உடைந்துகொண்டே இருந்தால், ஏதோ ஒரு செல் தப்பாக ஒட்டிக்கொண்டு, சாகாமல் பிழைத்துவிடும். நிறுத்தத் தெரியாத அந்த ஒன்றுதான் பெருகும். இப்போது எடுத்தால் விரலோடு போகும், தள்ளிப்போட்டால் கை போகும், அப்புறம் ஆளும் போகலாம் என்றார். அன்றே கையுறையை ஆணியிலிருந்து எடுத்து, எனக்குப் பதிலாக நிறுத்திய ஆளிடம் கொடுத்தார். அவனுக்குப் பொருத்தமாகத்தான் இருந்தது.

செய்தி கேட்டுத் தலைவர் வீட்டுக்கு வந்தார். காவடிக்கு இரண்டு மாதம் இருந்தது. விரலைத் தூரத்திலிருந்தே பார்த்தார். டீயை உறிஞ்சிக்கொண்டு தீர்ப்புச் சொன்னார். விரதத்தில் ஓட்டை இருக்கிறது, அதனால்தான் புண் மூடவில்லை. வேண்டுதலுக்கு முன்னால் உடம்பில் கத்தி வைக்கக் கூடாது. இன்றிலிருந்து பரிகார விரதம், திருநீறு, மஞ்சள். காவடி முடியட்டும், பிறகு டாக்டரைப் பார்க்கலாம். இல்லையென்றால் கோயிலில் என்னைக் காவடி எடுக்க விடுவதைப் பற்றிக் கமிட்டி யோசிக்க வேண்டியிருக்கும்.

நான் தலையாட்டினேன். எல்லார் முன்னாலும் வரிசையிலிருந்து இறக்கிவிடுவார்களே என்ற கூச்சம், கை போகும் என்ற பயத்தைவிடப் பெரிதாக இருந்தது. இதை இப்போது எழுதும்போதும் எரிச்சலாகத்தான் வருகிறது.

காலி டம்ளரை எடுக்க வந்த என் மனைவி நின்றாள்.

"அண்ணே, மீன் தின்னா எது தின்னும், வாயா விரலா?"

தலைவர் அவளைப் பார்த்தார்.

"வாய்ல குத்தினது மூணு நாள்ல ஆறிடுது. இந்த விரலு என்ன பண்ணுச்சு, தனியா போயி மீன் தின்னுட்டு வந்துச்சா?"

"பொம்பளைக்கு இதெல்லாம் தெரியாதும்மா. கரெம் சரியில்ல, அவ்வளவுதான்."

"கரெம் வைக்கிறவருக்குச் சமைக்கிறது நான்தான்."

அவர் வேட்டியை உதறிக்கொண்டு எழுந்து போனார். மறுநாள் விடிந்ததும் அவள் என் சட்டையை எடுத்து வைத்து, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றாள். அந்த வாரமே விரலை எடுத்துவிட்டார்கள்.

அந்த வருடமும் காவடி எடுத்தேன். கட்டையை ஒன்பது விரலால் பிடிப்பது அப்படி ஒன்றும் கஷ்டமில்லை. யாரும் தடுக்கவுமில்லை, கூட்டத்தில் தடுக்கிற தைரியம் கமிட்டிக்கு ஏது? பரிகாரம் எதுவும் செய்யவில்லை. எல்லா வருடமும் இருந்த விரதம்தான்.

மூன்றாம் நாள் தலைவர் வந்து என் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினார். துளைகள் மூடியிருந்தன. பக்கத்தில் நின்றவர்களைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"பாருங்க, நான் சொன்னபடி செஞ்சான். எப்படி ஆறியிருக்கு."

நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். அவர் என் கையைக் காட்டச் சொல்லவே இல்லை. அடுத்தவன் கன்னத்துக்குப் போய்விட்டார்.