கண்ணாடி மறைத்த வெடிப்பு

பொய் சொல்வதில் நான் கெட்டிக்காரன் என்பதை முதலில் கண்டுபிடித்தவர் அப்பாதான். அப்போது எனக்கு ஒன்பது வயது. அதற்கு முன் நான் சொன்ன பொய்களெல்லாம் வீட்டுப்பாடம், வயிற்றுவலி என்ற அளவில்தான் இருந்தன. அவற்றில் ஒன்றுகூட அம்மாவிடம் எடுபட்டதில்லை.

மலாக்கா ஆற்றங்கரையில் அப்பாவும் சித்தப்பாவும் முடிவெட்டும் கடை வைத்திருந்தார்கள். அந்தக் கட்டடம் டச்சுக்காரன் காலத்தது என்பார்கள் சிலர், அவ்வளவு பழசில்லை என்பார்கள் வேறு சிலர். யார் காலத்தில் கட்டியதோ, ஒழுகியது எங்கள் காலத்தில்தான். ஆற்றைப் பார்த்த பின்சுவரில் யாரோ பெரிய பெரிய பூக்களாக வரைந்திருந்தார்கள். படகில் போகும் சுற்றுப்பயணிகள் கையை ஆட்டிவிட்டு அதைப் படம் பிடிப்பார்கள். அதே சுவரின் உள்பக்கத்தில், தரையிலிருந்து உத்தரம் வரைக்கும் ஒரு வெடிப்பு ஓடியது. என் சுண்டுவிரல் நுழையும். நுழைத்துப் பார்த்திருக்கிறேன், உள்ளே ஈரமாக இருக்கும்.

கடை வாசலில் நின்றால் இரட்டைக் கோபுரம் வைத்த பழைய சர்ச் ஒன்று தெரியும். அது கொஞ்சம் சாய்ந்து நிற்கிறது என்பது ஊருக்கே தெரிந்த விஷயம். சித்தப்பா அதைக் கடைக்கு வருகிறவர்களுக்கு நிரூபித்துக் காட்டுவார். சீப்பில் நூலைக் கட்டித் தொங்கவிட்டு, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு நூலையும் கோபுரத்தின் ஓரத்தையும் சேர்த்துப் பார்க்கச் சொல்வார். நூல் ஒரு பக்கம் போகும், கோபுரம் ஒரு பக்கம் போகும். பாதி முடி வெட்டிய தலையோடு எழுந்து வந்து பார்த்துவிட்டுச் சிரித்தவர்கள் உண்டு. சித்தப்பாவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. நாற்காலிக் கைப்பிடியில் பலகை போட்டு என்னை உட்காரவைத்து முடிவெட்டுவதும், சர்ச்சைச் சாய்த்துக் காட்டுவதும்தான் அவருக்குக் குடும்பம் என்று அம்மா கேலி செய்வாள்.

ஒருநாள் கடை மூடும் நேரத்தில் அவர் அந்தச் சீப்பை எங்கள் சுவரோரம் தொங்கவிட்டார். யாரையும் பார்க்கக் கூப்பிடவில்லை. நூலைச் சுருட்டிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு அப்பாவிடம் போனார்.

"அண்ணே, சொவரு நம்ம பக்கமா சாயுது. பெம்பான்ல ஒரு கடை காலியா கெடக்கு. போயிருவோம்லா."

"அந்த சர்ச்சு எத்தனை காலமா சாஞ்சிதான் நிக்குது. விழுந்துருச்சா?" என்றார் அப்பா.

அப்பா லூபோக் சீனா பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். ஆற்றங்கரையில் கடை என்பது அவர் வாழ்க்கையில் எட்டிப் பிடித்த ஒரே உயரம். அதிலிருந்து இறங்க அவருக்கு மனம் வரவில்லை. மறுநாள், பக்கச்சுவரில் இருந்த ஆளுயரக் கண்ணாடியைக் கழற்றி வெடிப்பின் மேல் மாட்டினார். சித்தப்பாவின் நாற்காலி அதன் எதிரே போனது. வெடிப்பு போய்விட்டது என்றே நான் நம்பினேன்.

பழைய கட்டடங்களைச் சோதித்து எழுதும் அக்கா ஒருவர் வரிசையாக ஒவ்வொரு கடையாக வருகிறார் என்று தெரிந்ததும், அப்பா சித்தப்பாவைத் தேத்தண்ணி வாங்க அனுப்பிவிட்டார். பக்கத்துக் கடை டீ பிடிக்கவில்லையாம், தூரத்துக் கடைக்குப் போகச் சொன்னார். பிறகு என் காதருகே குனிந்து, "யாரு கேட்டாலும் வெடிப்பு இல்லனு சொல்லு. சொன்னா கடைய மூடிருவாங்க," என்றார்.

அந்த அக்கா தமிழ்ப்பெண். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்க முடியுமா என்று மரியாதையாகத்தான் கேட்டார்.

"எறக்குனா ஒடஞ்சிரும்மா. வேணும்னா பையனக் கேளுங்க, அவனுக்குப் பொய் சொல்லத் தெரியாது," என்றார் அப்பா, ஒரு தாத்தாவின் தாடியிலிருந்து தலையை நிமிர்த்தாமல்.

நான் சித்தப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அக்கா கண்ணாடி வழியாக என்னைப் பார்த்து, "தம்பி, இதுக்குப் பின்னால சொவரு வெடிச்சிருக்கா?" என்று கேட்டார்.

"இல்லக்கா. அந்த சர்ச்சு சாஞ்சிதான் நிக்குது, விழுந்துருச்சா?"

அக்கா வாய்விட்டுச் சிரித்தார். சரியான வாயாடி என்று என் கன்னத்தைத் தட்டிவிட்டு, ஏதோ எழுதிக்கொண்டு போய்விட்டார். அன்று சாயங்காலம் அப்பா எனக்கு தேங்காய்ப்பாலும் ஐஸும் போட்ட செண்டோல் இரண்டு கிண்ணம் வாங்கிக் கொடுத்தார். தேத்தண்ணியோடு திரும்பிய சித்தப்பா யாராவது வந்தார்களா என்று கேட்டபோது, யாரும் சொல்லித்தராமலே "இல்லை" என்றேன். அதை நினைத்தால் இன்றைக்கும் வாயில் அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

அதன் பிறகு விடாத மழை. ஒரு காலையில் கண்ணாடியின் குறுக்கே கீறல் விழுந்திருந்தது. மட்டமான கண்ணாடி என்றார் அப்பா. அடுத்த வாரம், வழக்கம்போல் சித்தப்பாதான் முதலில் போய்க் கடையைத் திறந்தார். முதல் வேலையாகக் கண்ணாடியைத் துடைப்பார். நான் பள்ளியில் இருந்தேன். மாமா வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போனபோது கடையில் பின்சுவரே இல்லை, ஆறு நேராகத் தெரிந்தது. சுவர் உள்பக்கமாக விழுந்ததால் வரைந்த பூக்களெல்லாம் மேலே பார்த்தபடி கிடந்தன. சித்தப்பா அவற்றுக்கு அடியில் இருந்தார். "ஒரு வெடிப்புகூட இல்லையே, நேத்துவரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு," என்று அப்பா வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

சித்தப்பாவுக்குப் பிள்ளை இல்லாததால் கொள்ளி வைக்க வேண்டியவன் நான். என் தலையை மழிக்க வேறு ஆளைக் கூப்பிடலாம் என்று பெரியவர்கள் சொன்னார்கள். அப்பா கேட்கவில்லை. வீட்டுக் குழாயடியில் என்னைக் குந்தவைத்து, தலையை நனைத்து, தன் கத்தியாலேயே மழிக்கத் தொடங்கினார். எதிரே கண்ணாடி இல்லாமல் என் தலையில் கத்தி பட்டது அதுதான் முதல்முறை.

அந்த நேரத்தில் அந்த அக்கா வந்தார். முகம் வீங்கியிருந்தது. அப்பாவிடம் ஒன்றும் கேட்கவில்லை, என் முன்னால் வந்து நின்று என்னையே பார்த்தார். காலையிலிருந்து எல்லாரும் அழுதுகொண்டே இருந்தார்கள். தெரிந்த முகம் ஒன்று வந்ததில் எனக்குச் சந்தோஷம். அவரை மறுபடியும் சிரிக்கவைக்க வேண்டும் என்று தோன்றியது.

"அக்கா, அந்த சர்ச்சு சாஞ்சிதான் நிக்குது. விழுந்துருச்சா?"

அவர் சிரிக்கவில்லை. துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு வேலிப்பக்கம் போய்விட்டார். அதே பேச்சுக்கு அன்று மட்டும் சிரித்தாரே என்று எனக்குக் கோபமாகக்கூட இருந்தது.

என் தலைமேல் கத்தி நின்றுவிட்டது. பாதித் தலை மழித்தபடி நான் காத்துக்கொண்டிருந்தேன். குழாய் அதுபாட்டுக்கு ஓடியது. கத்தி நகரவே இல்லை.

"பிளேடு மழுங்கிருச்சாப்பா? வேற மாத்துங்க," என்றேன்.